குடைராட்டினத்துக்குத் துரை கையெழுத்து

எங்கள் பிரதேச சபையில் ஒரு பச்சை அட்டைப் புத்தகம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய துணைவிதிகளை எல்லாம் சேர்த்துக் கட்டிய புத்தகம். கறையான்கூட அதைத் தொட்டதில்லை. கறையானுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமல் போயிற்று.

நான் அந்தச் சபையில் எழுதுவினைஞர். மாத்தளை மாவட்டத்தில் மிளகும் கொக்கோவும் கராம்பும் விளைகிற ஒரு தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். அந்தத் தோட்டத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். சபையில் தமிழ் எழுதத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். தமிழில் ஒரு கடிதம் வந்தால் என் மேசைக்கு வரும். தமிழில் ஒரு கடிதம் போவதென்றாலும் என் மேசையிலிருந்துதான் போகும். இதை நினைத்துக் கொஞ்ச காலம் பெருமைப்பட்டதும் உண்டு.

எனக்கு ஒரே தம்பி. கொந்தராத்துக் கூலிக்குக் கராம்பு பறித்துக்கொண்டிருந்தவன். நான்கு வருஷத்துக்கு முன்னால் மரத்திலிருந்து விழுந்தான். இடுப்பு தப்பியது, வலது கால் தப்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அந்தக் கால் மற்றதைவிடக் கட்டையாகிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவனை மரத்தில் ஏற விடவில்லை. அவன் மனைவி மிளகு பறித்துக் கொண்டுவந்ததிலும் நான் சனிக்கிழமைகளில் தூக்கிக்கொண்டு போன சாமான் பையிலும் வீடு ஓடியது. நான் பையை உள்ளே வைத்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். அக்கா கையைப் பார்த்துச் சாப்பிடுகிறோமே என்கிற எரிச்சல். அதை என்னிடம் சொன்னதில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை போனபோது லயத்துக்குப் பின்னால் தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், ஏ9 வீதியோரக் கராஜில் தூக்கிப் போட்டிருந்த லொறி அச்சு ஒன்றை வாங்கிவந்து நிலத்தில் நட்டு வைத்திருக்கிறான். அதன் தலையில் சில்லு. சில்லிலிருந்து நாலு பக்கமும் இரும்புக் கை. பிள்ளைகள் ஏறிச் சுற்றுகிற குடைராட்டினம். கையால் தள்ளிச் சுற்றுவது, மோட்டார் கிடையாது. உட்காருவதற்குப் பலா மரத்தில் நாலு ஆசனம் செய்தான். ஒரு குதிரை, ஒரு மயில், ஒரு ஆட்டோ, ஒரு லொறி. லொறியின் முதுகில் தக்காளியும் கோவாவும் கரட்டும் வரைந்து முன்னால் மரக்கறிச் சந்தை ஊரான தம்புள்ளையின் பெயரை எழுதியிருந்தான். பிள்ளைகள் குதிரையைச் சீந்துவதில்லை. தம்புள்ளை லொறிக்குத்தான் அடிபிடி.

அந்த வருஷம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மைதானத்து மூலையில் அதைக் கொண்டுபோய் நட்டான். கட்டைக் காலை ஊன்றி, நல்ல காலால் எட்டி வைத்து, காலை பத்து மணியிலிருந்து தள்ளினான். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பல் போன கிழவிகள் இரண்டு பேர் மயிலுக்கும் குதிரைக்கும் ஏறிக்கொண்டு இறங்க மாட்டோம் என்றார்கள். பாதுகாப்புக்கு வந்த பொலிஸ் சார்ஜன்ட் தன்னுடைய மகளைத் தூக்கி லொறியில் வைத்தார். தம்பி என்னையும் கூப்பிட்டான். "வாங்கக்கா, ஒரு சுத்து சுத்துங்க" என்றான். சபை உத்தியோகத்தர் இதில் ஏறினால் சனம் என்ன நினைக்கும் என்று நான் சேலையைச் சரிசெய்துகொண்டு தள்ளி நின்றேன். ஏறியிருக்கலாம். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அந்த வாரம் என் சாமான் பையை அவன் வாசலிலேயே மறித்தான். "வேணாங்கக்கா, இந்த வாரம் நாங்களே வாங்கிட்டோம்" என்றான். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அந்த மடத்தனத்தைச் செய்தேன்.

எங்கள் சனத்துக்குக் கடுதாசி என்றால் சாமி மாதிரி. பிரஜாவுரிமை இல்லாமல் இரண்டு தலைமுறை கிடந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். என் அம்மா தன்னுடைய பிரஜாவுரிமைப் பத்திரத்தைச் சாகும்வரை பத்திரமாக வைத்திருந்தாள். நுளம்பு மருந்து அடிக்க வந்த ஆளுக்குக்கூட எடுத்துக் காட்டினாள். சீல் குத்திய கடுதாசி கையில் இருந்தால் யாரும் அசைக்க முடியாது என்பது எங்கள் வீட்டுப் பாலோடு வந்த நம்பிக்கை. மற்ற ஊர்க்காரன் கடையைப் போட்டுவிட்டு, யாராவது கேட்டால் அப்போது பார்ப்போம் என்று இருப்பான். நாங்கள் யாரும் கேட்காத கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் எழுதிக் கொடுப்போம்.

"சபையில முறையா அனுமதி எடுத்து வச்சுக்குவோம்" என்றேன் தம்பியிடம்.

"இதுக்கெல்லாம் யாருக்கா பெமிட் கேக்கப்போறா? இந்த வருசம் சுத்தினேன்ல, யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

"நாளைக்கு வஹகோட்டை சர்ச் திருநாளுக்குக் கொண்டு போகணும்னா? மாத்தளை டவுனுக்குக் கொண்டு போகணும்னா? கையில கடுதாசி இருந்தா ஒன்னைய எவனும் போன்னு சொல்ல முடியாது."

அவன் கொஞ்ச நேரம் அச்சுக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தான். "நீங்க சொன்னா சரிதாங்கக்கா, நீங்கதானே படிச்சவங்க" என்றான். விண்ணப்பத்தை நானே எழுதினேன். கீழே அவன் கையெழுத்தை மட்டும் வைத்தான்.

விண்ணப்பம் செயலாளரின் மேசைக்குப் போனது. எங்கள் செயலாளர் சிங்களவர், நல்ல மனுஷன், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். பச்சை அட்டைப் புத்தகத்தைத் தூசி தட்டிக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

அந்த விதிகளின்படி பொது இடத்தில் கரடி ஆட்டுவதற்குச் சபையின் அனுமதி வேண்டும். குரங்கு ஆட்டவும் வேண்டும். ஊஞ்சலுக்கும் ராட்டினத்துக்கும் வேண்டும். ராட்டினத்தை ஓட்டுகிற நீராவிக் கொதிகலனை ஓர் இன்ஜினியர் பார்த்துச் சான்றிதழ் தரவேண்டும். இதோடு, இவற்றை நடத்துகிற ஆள் தோட்டத்தில் குடியிருப்பவனாக இருந்தால், தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் எழுத்து மூலச் சம்மதமும் வேண்டும். டவுனில் குடியிருப்பவனுக்கு இந்தக் கடைசி நிபந்தனை கிடையாது. லயத்து ஆட்கள் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்கு வராமல் வேடிக்கை பார்க்கப் போய்விடுவார்களே என்று வெள்ளைக்காரனுக்கு இருந்த பயம் அது. பயந்தவன் செத்து மண்ணாகிவிட்டான். பயம் மட்டும் எங்கள் சபையில் உத்தியோகம் பார்க்கிறது.

"மிஸ், இது உங்க தம்பின்னு தெரியும்" என்றார் செயலாளர் சிங்களத்தில். "சும்மா சுத்தியிருந்தா நான் பார்த்திருக்கவே மாட்டேன். கடிதமா வந்து நம்பர் விழுந்த பிறகு, பார்க்கலேன்னு எப்படிச் சொல்றது?"

கொதிகலன் விஷயத்தை அவரே ஒரு வழியாகத் தீர்த்தார். தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பினார். அவர் போய் ராட்டினத்தில் தானே ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சபை பூங்காவில் இருக்கிற சறுக்கு மரத்தைவிட இது உறுதி என்றும், கொதிகலன் எதுவும் காணப்படவில்லை என்றும் எழுதிக் கொடுத்தார். துரை கையெழுத்துத்தான் மிச்சம்.

எங்கள் தோட்டத்தில் துரை கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு பகுதி குடியேற்றத்துக்குப் போனது. ஒரு பகுதி அரசாங்கத்தின் கையில் கிடந்து காடாயிற்று. துரை பங்களாவின் கதவையும் ஓட்டையும் யார் யாரோ கழற்றிக்கொண்டு போய், இப்போது உள்ளே பலா மரம் நிற்கிறது. லயமும் அதில் இருக்கிற நாங்களும் மட்டும் யார் கணக்கிலும் சேராமல் அப்படியே இருக்கிறோம். ஆனால் தம்பியின் அடையாள அட்டையில் விலாசம் இன்னும் அந்தத் தோட்டத்தின் பெயர்தான்.

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கையெழுத்துத் தேடிப் போனேன். அரசாங்கக் காணியைப் பார்க்கிற மெனேஜர் அடுத்த தோட்டத்தில் இருந்தார். கடிதத்தை வாசித்து விட்டு மடித்து என்னிடமே நீட்டினார். "நான் கையெழுத்து வச்சா அந்த லயம் எங்களுடையதுன்னு ஒத்துக்கிட்டதா ஆயிரும். நாளைக்கு கூரைத் தகடு கேப்பீங்க, தண்ணி கேப்பீங்க. மன்னிச்சுக்குங்க" என்றார். உண்மையைத்தான் சொன்னார், கேட்டிருப்போம். கிராம சேவகரிடம் போனேன். லயம் தோட்டக் காணியில் இருக்கிறது, தோட்டக் காணியில் தனக்கு அதிகாரமில்லை என்றார். அரசாங்கத்துக்கு நாங்கள் தோட்டத்து ஆட்கள், தோட்டத்துக்கு நாங்கள் யாரோ. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஒரு குடைராட்டினத்துக்காக இரண்டு நாளில் இரண்டு பேர் வாயால் கேட்டபோதுதான் உறைத்தது.

"பழைய துரை பேர்ல நானே ஒரு கையெழுத்து போட்டுட்றேங்கக்கா, அவரு வந்து இல்லைன்னு சொல்லவா போறாரு?" என்றான் தம்பி. அவன் பாதி விளையாட்டாகத்தான் சொன்னான். நான் அவனைப் பிடித்து ஏசினேன். நேர்மையான உத்தியோகத்தர் அல்லவா!

கடைசியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நிராகரித்தால் விண்ணப்பதாரிக்கு அவருடைய மொழியில் அறிவிக்க வேண்டும், அதுதான் சட்டம். அவருடைய மொழி தமிழ். தமிழ் எழுத சபையில் இருப்பது நான் ஒருத்திதான். செயலாளர் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பிக்கு நான் தாங்கள் என்று எழுதினேன். தங்களுடைய விண்ணப்பம் என்று எழுதினேன். மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன் என்று எழுதினேன். அந்தச் சொற்களை அதற்கு முன் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் வாசித்துப் பார்த்ததில்லை. கீழே, பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஒரு பிரதி என்று போடுவது வழக்கம். அதையும் போட்டேன். போடாமல் விட்டிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கை பழக்கத்தில் போட்டுவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை அதுவல்ல. தம்பிக்காகச் சலுகை காட்டினாள் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் போட்டேன்.

கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை, தபாலில் அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை போனபோது தம்பி அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தான். இரண்டு தரம் மடித்துப் பிரித்த தடம் இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்கக்கா" என்றான். "ஒரு பிழை இல்ல."

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த திருவிழாவுக்கு முதல் வாரம் அலுவிகாரையிலிருந்து ஒருவர் சபைக்கு வந்தார். காற்று ஊதி நிறுத்துகிற பிளாஸ்டிக் கோட்டை வைத்திருக்கிறார், பிள்ளைகள் அதற்குள் குதிப்பார்களாம். எங்கள் கோயில் மைதானத்தில்தான் போடப் போகிறார். அவருடைய விலாசம் அலுவிகாரை. தோட்டத்து ஆள் இல்லை. பச்சைப் புத்தகம் கோட்டை போடுகிற இடத்தைப் பார்க்கவில்லை, ஆள் தூங்குகிற இடத்தைத்தான் பார்த்தது. தேநீர் ஆறுவதற்குள் அவருடைய அனுமதிப்பத்திரம் தயாராகிவிட்டது. சீல் குத்தியது நான்.

தம்பி அந்தத் திருவிழாவிலும் ராட்டினத்தை நட்டான். கோயில் கமிட்டியில் இருந்தவர்கள், நம்ம கோயில், நம்ம மைதானம், எவன் வந்து கேக்கிறான் பார்ப்போம் என்று அவனுக்குத் தைரியம் சொல்லியிருந்தார்கள். பதினொரு மணிபோல சார்ஜன்ட் வந்தார், போன வருஷம் வந்த அதே ஆள். கையில் நான் போட்ட பிரதி இருந்தது. "என் மகளும் இதுல சுத்தினவதான்" என்றார் தமிழும் சிங்களமுமாக. "ஆனா கடிதம் வந்திருக்குதானே. நான் என்ன செய்ய?" தைரியம் சொன்ன கமிட்டிக்காரர்கள் அந்த நேரம் பார்த்துத் தேர் வடத்தைச் சரிபார்க்கப் போயிருந்தார்கள்.

தம்பி ராட்டினத்தில் இருந்த நாலு பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கி விட்டான். ஒரு பிள்ளை லொறியைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று கத்தியது. அதன் விரல்களை மெதுவாகப் பிரித்தான். வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகள் அப்படியே திரும்பி, பத்தடி தள்ளியிருந்த கோட்டைக்கு ஓடினார்கள். அந்த ஊதுகிற மோட்டாரின் இரைச்சலில் மேளச் சத்தம்கூட ஒழுங்காகக் கேட்கவில்லை. நான் கோயில் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் தம்பியை என் கையெழுத்தே மைதானத்திலிருந்து துரத்துகிறது, நான் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறேன். அன்றைக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு அவன் தம்புள்ளைக்குப் போய்விட்டான். மொத்தச் சந்தையில் ஒரு கடையில் உட்கார்ந்தபடி அழுகிய வெங்காயத்தைப் பொறுக்கி வேறாக்குகிற வேலை. ஏறத் தேவையில்லை, தூக்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவான், வருகிறபோதே வெங்காய வாடை வரும். ராட்டினம் லயத்துக்குப் பின்னால் மழையில் நின்றது. அதை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. காலாவதியான துணைவிதிகளை எல்லாம் நீக்கிவிட்டுத் தேவையானவற்றை மட்டும் பட்டியல் போட்டு அனுப்பும்படி. அன்றைக்கே தம்புள்ளைக்கு போன் எடுத்தேன். "அந்தச் சட்டத்தைத் தூக்கப் போறாங்கடா" என்றேன்.

"நெசமாவா?" என்றான். பின்னால் லொறி இரைகிற சத்தம். "அப்ப மயிலுக்கு ஒரு பெயின்ட் அடிக்கணும். வெளுத்துப் போச்சு."

பட்டியல் போடுகிற முறை எளிமையானது. ஒவ்வொரு விதிக்கும் எதிரே, அதன் கீழ் கடைசியாக எடுத்த நடவடிக்கை என்ன என்று எழுத வேண்டும். எவருக்கும் நினைவு தெரிந்த நாளிலிருந்து நடவடிக்கையே இல்லாத விதிகள் செத்தவை, நீக்கலாம். நடவடிக்கை இருந்தால் விதி நடைமுறையில் இருக்கிறது, தொடரலாம். கரடி ஆட்டம், எதிரே வெறுமை, நீக்கம். குரங்கு ஆட்டம், வெறுமை, நீக்கம். ராட்டினமும் தோட்டத்து ஆளும் என்கிற இடத்துக்கு வந்தபோது அங்கே ஒரு கோப்பு இலக்கம் இருந்தது. விண்ணப்பம் ஒன்று கிடைத்தது, பரிசீலிக்கப்பட்டது, முறைப்படி நிராகரிக்கப்பட்டது. அந்தப் புத்தகத்தின் களியாட்டப் பகுதியில், கோட்டைக்காரருக்கு அனுமதி கொடுத்த விதியைத் தவிர, அந்த ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. இந்த நாட்டுக் கரடிகளுக்கெல்லாம் விடுதலை கிடைத்துவிட்டது.

செயலாளரிடம் போய் நின்றேன். "ஐயா, இது அநியாயம். நாங்க கேட்டதாலதான் இது நடைமுறையில இருக்கிற மாதிரித் தெரியுது. கேக்காம இருந்திருந்தா செத்துப் போயிருக்கும்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, எழுத்தில் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். ராத்திரி பகலாக யோசித்து ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மேலே போய்வந்த என் குறிப்பை அதே கோப்பில் சேர்த்துக் கட்டினார்கள். அதுவும் ஒரு நடவடிக்கையாகக் கணக்கில் சேர்ந்து, அந்த விதியின் கீழ் எடுத்த கடைசி நடவடிக்கையின் திகதி இன்னும் கிட்டத்துக்கு வந்தது, அவ்வளவுதான் நடந்தது. தொடரும் விதிகளின் பட்டியலைத் தமிழில் நானே தட்டச்சுச் செய்தேன்.

தம்பிக்கு மறைக்கவில்லை. போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப, நான் கேட்டதாலதான் அது உசிரோட இருக்கா?" என்றான்.

"நீ கேக்கலடா. நான்தான் ஒன்னையக் கேக்க வச்சேன்."

"சரிங்கக்கா, லொறி வந்திருச்சு, வைக்கிறேன்" என்றான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, என் மேசையிலிருந்து ஜன்னல் வழியாக அவனைக் கண்டேன். எங்களுக்குப் பக்கத்துக் கட்டிடம் பிரதேச செயலகம். அதன் வாசலில் மரத்துக்குக் கீழே மேசை போட்டு, படிவம் நிரப்பத் தெரியாத சனங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். அவருக்கு முன்னால் தம்பி கட்டைக் காலை நீட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுக்க வந்திருக்கிறான் என்று பிறகு அவன் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த ஆளுக்குத் தமிழ் சரியாக வராது. தம்பி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவர் அடித்து அடித்து எழுதினார்.

இந்த ஊரில் அந்த விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் நிரப்பத் தெரிந்தவள் இருபதடி தூரத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நானும் கூப்பிடவில்லை.